கழலாத மெட்டி

பாலக்கோட்டுத் தங்கச்சிக்கு அக்கா எழுதறது.

என் வீட்டுக்காரர், உன் மாமாவோட காரியத்தன்னைக்கு, வீங்கின கால்விரல்ல மெட்டி கழலலைன்னதும், "கொறடு வெச்சு வெட்டுங்க, இனி யாருக்காக"ன்னு கூட்டத்துல சொன்னவ நீ. நான் காலை இழுத்துக்கிட்டேன். உன் கையில இருந்த பச்சை வளையலைக்கூட மறக்கலை. அதோட நம்ம பேச்சும் நின்னுச்சு.

அவரு நல்லா இருந்தவரைக்கும் தினமும் என் யானைக்காலைக் கழுவி, விரல்ல தொடங்கித் தொடைவரைக்கும் பேண்டேஜ் சுத்திவிடுவாரு. "யானைக்குப் பாகன் நான்"ன்னு சிரிப்பாரு. அவரு படுத்ததும் அதுவும் போச்சு, வீக்கம் ஏறிடுச்சு. அப்புறம் யாரையும் சுத்த விடலை. ஏன்னு நீ கேட்கவேண்டாம்.

போன மாசம் கால் சிவந்து காய்ச்சல் வந்துடுச்சு. தேங்கின நீரை ரத்தக்குழாயில சேர்த்துவிட ஆபரேஷன் இருக்குது, அதுக்கும் முதல்ல கட்டுப்போட்டு வீக்கத்தை வடிக்கணும், ஆபரேஷன் செஞ்சாலும் கட்டை விடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்போ கட்டே போதும்னேன். மருமகதான் சுத்தறா. நல்லாத்தான் சுத்தறா, அவரு கை மாதிரி இல்லை.

நேத்து அவ காலைக் கழுவறப்போ மெட்டி தானா நழுவித் தண்ணியில விழுந்துச்சு. திரும்ப மாட்டிப் பார்த்தேன், நிக்கலை. "கால் இளைச்சிடுச்சுங்க அத்தை"ன்னு அவ சந்தோசப்பட்டா.

கொறடு தேவைப்படலை. ஒருதரம் வந்துட்டுப் போ. கூட உட்கார்ந்து அழ எனக்கு வேற யாரு இருக்காங்க.

உன் அக்கா