அர்த்தம் பிறகு வந்தது

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கண் விழித்துவிட்டாய் என்று என் வக்கீல் ஜெயிலுக்கு வந்து சொன்னார். இன்றைக்குத்தான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியது.

அன்று உன் சலவைக்கடையில் என்னென்னவோ ஆகிவிட்டது. நான் என் பொண்டாட்டியைத் தேடித்தான் வந்தேன். நீ அவளை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தாய். "எங்க இருக்கா, சொல்லு"ன்னு கேட்டேன். "அவ முதுகைப் பாத்தேன்டா, சொல்ல மாட்டேன்"னு கத்தினாய். இஸ்திரிப் பெட்டி என் கையில் இருந்தது உண்மைதான். அது உன் தலையில் பட வேண்டும் என்று நான் வரவில்லை அக்கா.

அம்மா போன பிறகு என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நீ. உன்மேல் எனக்கு என்ன பகை?

பேச்சு வரவில்லை என்கிறார்கள். அவசரப்படாதே. மெதுவாக வரட்டும்.

உன் தம்பி

மார்ச் 20

தம்பி,

இது என் எழுத்து. இடது கை. வலது கை தூங்குது.

பேச்சு டீச்சர் பக்கத்துல. வார்த்தை உள்ள இருக்கு. வெளிய வர மாட்டேங்குது. தலை வாரணும். அது வேணும். எதுக்குன்னு தெரியும். பேரு வரல. போலீஸ்னு சொன்னேன். நர்ஸ் சிரிச்சா.

சீப்பு. இப்ப வந்துடுச்சு. சீப்பு.

மண்டை எலும்பு உடைஞ்சு போச்சு. தகடு வெச்சிருக்காங்க. வலிக்குது.

சாப்பிட்டியா?

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சீப்பைப் போலீஸ் என்றாயாமே! இங்கே என்கூட இருப்பவனிடம் படித்துக் காட்டினேன்.

ஒரு விஷயம். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. நீ சொல்வதுதான் சாட்சி. "தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கி விழுந்தேன், மேசை முனை இடிச்சிடுச்சு"ன்னு சொல்லிவிடு. அதுவும் வாயில் வராவிட்டால் வக்கீல் கேட்கும்போது தலையை ஆட்டு, போதும். மூளையில் அடிபட்டவளை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள்.

போலீஸ் பிடிக்கும்வரை ஆஸ்பத்திரியில் உன் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். உனக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்காது.

அவள் எங்கே இருக்கிறாள்? சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

உன் தம்பி

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

இப்போது வாக்கியமாக எழுதுகிறேன், பார். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது.

கண்மூடிக் கிடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ மட்டுமல்ல, எல்லோருமே நினைத்தார்கள். குரல் கேட்டது. அர்த்தம்தான் இல்லை. அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டுவது போல இருந்தது. அதில் சில ஓசைகள் போகாமல் தங்கிவிட்டன. டீச்சரிடம் சொன்னேன். கைக்குழந்தையும் அப்படித்தானாம். முதலில் ஓசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அர்த்தம் பிறகு வந்து சேருமாம்.

நீ சொல்லச் சொன்னதைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். உனக்காகத்தான். "வழுக்கி" வருகிறது. "விழுந்தேன்" வரவே இல்லை.

வெயிலில் நிற்காதே. உனக்கு மூக்கில் ரத்தம் வரும்.

அன்புடன்
அக்கா

ஜூன் 15

அக்கா,

இதை என்னைப் பார்க்க வந்த கூட்டாளி கையில் கொடுத்தனுப்புகிறேன். ஜெயில் ஆபீஸ் வழியாகப் போனால் பிரித்துப் படிப்பார்கள்.

என்ன விளையாட்டு இது? எந்த ஓசை தங்கியது? யாரிடம் சொன்னாய்?

பெல்ட்டால் அடித்தேன். என் பொண்டாட்டியை அடித்தேன். உனக்கு என்ன வந்தது? குறுக்கே வந்தாய், வாங்கிக்கொண்டாய். கோர்ட்டில் ஏதாவது உளறினால், நான் இங்கேயே செத்துவிடுவேன் என்று நினைக்காதே, ஒருநாள் வெளியே வருவேன். உன் கடையின் பின்கதவு எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியும். அவளையும் தேடிப் பிடித்து, அவள் மூஞ்சியை அவளுக்கே அடையாளம் தெரியாமல் செய்துவிட்டுத்தான் மறுவேலை.

கோபத்தில் எழுதிவிட்டேன். இருந்தாலும் மனதில் வை.

தம்பி

ஜூலை 11

தம்பிக்கு,

இதை ஜெயில் ஆபீஸ் வழியாகத்தான் அனுப்புகிறேன். படிப்பவர்கள் படிக்கட்டும்.

எந்த ஓசை என்று கேட்டாய். ஆஸ்பத்திரியில் நான் கண்மூடிக் கிடந்தபோது, நர்ஸ் வெளியே போனதும் உன் அழுகை பட்டென்று நின்றது. உன் மூச்சு என் காதில் சுட்டது. எனக்கு மாட்டியிருந்த மூச்சுக் குழாயை நீ மடக்கிப் பிடித்தாய். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. ஒரு விரலைக்கூட என்னால் அசைக்க முடியவில்லை. அப்போதுதான் அந்த ஓசை, என் காதுக்குள்ளேயே. கதவு திறந்தது. குழாயை விட்டுவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாய்.

டீச்சர் படம் காட்டிக் காட்டி வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் "வாய்" என்ற சொல் வந்தது. பிறகு "திறப்பது" வந்தது, "முடிப்பது" வந்தது. "மிச்சம்" மட்டும் வெகு நாள் பிடிபடவில்லை. முந்தாநாள் சாப்பிட்ட தட்டில் ஒரு கவளம் கிடந்தது. "மிச்சம் வைக்காதீங்க" என்றாள் டீச்சர். அவ்வளவுதான். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவந்து நின்றன, உன் குரலிலேயே.

"எந்திரிச்சு வாயத் தொறந்தே, மிச்சத்தையும் முடிச்சிடுவேன்."

தட்டைச் சுவரில் வீசினேன். இன்னொன்றையும் எடுத்து வீசினேன். தொண்டை கிழியக் கத்தினேன். டீச்சர் தடுக்கவில்லை. கத்தி முடித்த பிறகு தண்ணீர் கொடுத்தாள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்லும் அளவுக்கு இப்போது பேச்சும் இருக்கிறது. சொல்ல மாட்டேன். கூட்டாளி கொண்டுவந்த உன் கடிதம் அரசு வக்கீலிடம் இருக்கிறது. பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது.

இருபத்தைந்தாம் தேதி கோர்ட்டில் பேசுகிறேன். புத்தி தெளிவாக இருக்கிறது, சொல் வரத்தான் நேரமாகும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "அவங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாலும் யாரும் குறுக்க பேசக் கூடாது" என்று நீதிபதி சொல்லியிருக்கிறாராம்.

இனி எனக்கு எழுதாதே. அன்றைக்கு நடுவில் ஏதாவது ஒரு வார்த்தையில் நான் தட்டுத் தடுமாறி நிற்பேன். நீ கூண்டில் நின்றபடி அந்த வார்த்தை வரும்வரை காத்திரு.

அக்கா