வயிற்றில் நீலம் அதிகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் இடது கண் மட்டும் தேவைக்கு அதிகமாகவே நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆசை. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய், போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார், அதனால்தான் கடிதம்.

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "உனக்கு இவ்வளவு நரை எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். ஆறு வருஷமாச்சு என்றேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உன் அறைக்குப் போனார். உன் அறை என்று பழக்கத்தில் எழுதுகிறேன், இப்போது அங்கே குடியிருப்பது ஜெர்மன் விமானப்படை. அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து ஒட்டிய பிளாஸ்டிக் சண்டை விமானங்கள் பதினேழு, இறக்கைக்கு இறக்கை ஒரு சாண், உன் புத்தக அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அதிலும் இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருஷத்து விமானங்கள்தான் அவருக்கு வேண்டும். அப்போது அவர்களிடம் பெட்ரோலும் இல்லை, ஓட்டத் தெரிந்த ஆளும் இல்லை, ஒழுங்கான பெயின்டும் இல்லை, ஆனாலும் விமானத்தை மட்டும் செய்து குவித்தார்களாம். ஒவ்வொரு பட்டறையும் கையில் கிடைத்ததை அடித்ததால் எந்த நிறம் சரி என்று உலகத்தில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது, உன் அப்பாவைத் தவிர. வாலில் ஒட்டுகிற அந்த ஹிட்லர் சின்னம் மட்டும் என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், பதினேழு வாலும் மொட்டை.

உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. எட்டிப் பார்த்தால் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார், மறு கண்ணை மூடிப் பார்க்கிறார். டப்பாவில் வரும் பெயின்ட் சரியில்லை என்று தானே கலந்து அடிக்கிறவர் இல்லையா, புரை விழுந்த கண்ணுக்கு நீலம் மங்கித்தான் தெரியுமாம், தனக்குத் திருப்தியாகும்வரை நீலத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். விமானத்தின் வயிறு வெளிறிய வானம்போல இருக்க வேண்டியது, முதல் ஐந்தாறு பரவாயில்லை, அப்புறம் ஏறிக்கொண்டே போய்க் கடைசி எட்டும் குளியலறை வாளி நிறம். "இது உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "ஏன் சொல்லல?" என்றார். ஜெர்மன்காரனுக்கு அப்படித்தான் பிடிக்கும்போல என்று நினைத்தேன் என்றேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

எதற்கு உட்கார்ந்தார் என்றால், பூதக்கண்ணாடி அண்ணனை நினைத்துத்தான். தெருமுனையில் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பாரே, சட்டைப்பையில் பூதக்கண்ணாடியோடு, அவரேதான். அவரும் விமானம் ஒட்டுகிறவர், அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நூலக ஹாலில் நடந்த கண்காட்சியில் அவர்தான் நடுவர். அப்பாவின் விமானத்தடியில் "வயிற்றில் நீலம் அதிகம்" என்று சீட்டு எழுதி வைத்தார். உன் அப்பா நாலு பேர் முன்னால், "முதல்ல உன் கண்ணைப் போய்க் காட்டு" என்று கத்திவிட்டு விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இதெல்லாம் அப்போதே உனக்குச் சொன்னேன், சொல்லாதது ஒன்று உண்டு. போன வருஷம் அண்ணனின் சம்சாரம் தவறியபோது நான் தனியாகத்தான் போனேன். உன் அப்பா சட்டை மாட்டி வாசல்வரை வந்தார், செருப்பில் ஒரு காலை நுழைத்தார், திரும்பி உள்ளே போய்விட்டார். அங்கே அண்ணன் என்னோடு பேசும்போதெல்லாம் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் அப்பா அந்தக் கண்காட்சி விமானத்தை ஷூ பெட்டியில் வைத்துக்கொண்டு அண்ணன் கடைக்குத் துணைக்கு வா என்றார், போனோம். கடையில் வேறு யாரும் இல்லை. பெட்டியை மேஜையில் வைத்து, "நீ சொன்னது சரிதான், நீலம் அதிகம்" என்றார். அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்து வயிற்றைப் பார்த்தார், நிதானமாகப் பார்த்தார், கீழே வைத்தார். "நீலத்தை விடு. அவ போனப்ப நீ ஏன் வரல?" என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர் உன் அப்பா, ஷூ பெட்டியின் மூடியை எடுத்து மூடினார், திறந்தார். கடைசியில், "வெட்கமா இருந்துச்சு" என்றார். அதற்கு அண்ணன், "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப அவ கேட்டா, உங்க சிநேகிதர் ஏன் வரலன்னு. ஊர்ல இல்லன்னு பொய் சொன்னேன். சாகக் கிடக்கிறவகிட்ட பொய் சொல்ல வச்சிட்டியேடா" என்றார். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. நான் பையிலிருந்த சொட்டு மருந்தை எடுத்து, அந்தக் கடையிலேயே அப்பாவின் தலையை நிமிர்த்தி இரண்டு சொட்டு விட்டேன். அண்ணன் எழுந்து, அப்பா உட்கார ஸ்டூல் போட்டார்.

முழுசாக மன்னித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். செவ்வாய், வெள்ளி மதியம் அண்ணன் இங்கே வருகிறார், இருவரும் உப்புத்தாளால் நீலத்தைத் தேய்த்து எடுக்கிறார்கள், ஐந்து முடிந்திருக்கிறது. காபியை நான் கொடுத்தால் சூடாகக் குடிக்கிறார், அப்பா கொடுத்தால் ஆறவிட்டுக் குடிக்கிறார்.

நீ வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாரம் ஒருமுறையாவது நீயே போன் செய். வலது கண் ஆபரேஷன் வருகிற பன்னிரண்டாம் தேதி. நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுக் கூட வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்பா அவரைக் கேட்கவில்லை, கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. உப்புத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அண்ணன்தான் சொன்னார், "தங்கச்சி, ஆஸ்பத்திரியில தனியா உட்கார்ந்திருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். நான் வர்றேன்" என்று.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா