வெட்டி எடுத்த பக்கம்

மஃபெதெங், லெசோத்தோ
5 ஜூன் 2023

அன்பு அம்மாவுக்கு,

நலம். ஆடு இரண்டு குட்டி போட்டது.

சுகாதார நிலையத்துக்கு ஆய்வுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்தும் அது தொற்றாத பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். தாய் விழுங்கிய மாத்திரையோ நோயோ பிள்ளையின் செல்களைப் பலவீனமாக்கியதா என்று பார்க்கவாம். பட்டியலில் என் பெயர். நர்ஸ் மலெபோ என் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டி, "ஏண்டி, நடுப்பக்கத்தைக் காணோம்? எலி கத்திரிக்கோல் வச்சா வெட்டுச்சு?" என்றார். வரிசையே சிரித்தது. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

நீங்கள் விழுங்குவது ரத்த அழுத்த மாத்திரை என்றுதானே சொன்னீர்கள்?

நீங்கள் கர்ப்பத்தில் விழுங்கிய மாத்திரைக் கணக்கு இருக்கும் அந்தப் பக்கமும், ரத்தம் எடுக்க உங்கள் சம்மதக் கையெழுத்தும் வேண்டுமாம். 26ஆம் தேதி கடைசி.

லினேயோ

புளூம்ஃபொன்டைன், தென்னாப்பிரிக்கா
11 ஜூன்

என் லினேயோ,

எஜமானியின் துணிகளைத் தேய்த்துவிட்டு எழுதுகிறேன். குட்டிகளைக் குளிரில் விடாதே.

வெட்டியது நான்தான். உன் அப்பா வீட்டார் அதைப் படித்திருந்தால் நம் இருவரையும் அன்றே வெளியே தள்ளியிருப்பார்கள். உனக்கு நோய் இல்லை. அது போதாதா? கையெழுத்துப் போட மாட்டேன். நம் ஊருக்கு வரும் டாக்சிக்காரரிடம் கம்பளிக் காலுறை கொடுத்திருக்கிறேன்.

அம்மா

16 ஜூன்

அம்மா,

காலுறை சரியாக இருக்கிறது.

பள்ளிக்குப் போன நாட்களில், மேடேறும்போது களைத்து மூன்று இடத்தில் உட்காருவேன். தாமதமாகப் போனால் ஆசிரியர், "சோம்பேறி மகாராணி வந்தாச்சு, எழுந்து நில்லுங்கடா!" என்பார். வகுப்பே எழுந்து நிற்கும். அதனால்தான் எட்டாவதோடு நின்றேன். படிப்பு ஏறவில்லை என்று உங்களிடம் பொய் சொன்னேன்.

என் களைப்புக்கு வேறு பெயர் இருந்தால் எனக்குத் தெரிய வேண்டும். இல்லை என்றாலும் தெரிய வேண்டும். உங்கள் மேல் பழி போட அல்ல.

இன்னும் பத்து நாள்தான்.

லினேயோ

21 ஜூன்

மகளே,

மகாராணி விஷயம் எனக்குத் தெரியாது.

பக்கத்தை நான் எரிக்கவில்லை. பதினாறு வருடமாகக் கோட்டின் உள்துணியில் தைத்து வைத்திருந்தேன். கையெழுத்தோடு அனுப்புகிறேன்.

அதில் ஒரு பொய் உண்டு. தினமும் விழுங்கியதாகக் கட்டங்களில் குறித்திருக்கும். நீ வயிற்றில் இருந்த ஏழாம் மாதத்தில் நான்கு நாள் நான் விழுங்கவில்லை. மாத்திரை உன்னை ஏதாவது செய்துவிடுமோ என்று பயம். ஐந்தாம் நாள், நோய் உன்னைத் தொற்றிவிடுமோ என்று பயந்து மறுபடி விழுங்கினேன். எந்தப் பயம் சரி என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நர்ஸிடம் அந்த நான்கு நாளையும் சொல்லிவிடு.

அம்மா

26 ஜூன்

அம்மா,

ரத்தம் எடுத்துவிட்டார்கள். முடிவு வர மாதங்கள் ஆகுமாம். வந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாமாம்.

நான்கு நாளைச் சொன்னேன். நர்ஸ் இம்முறை என் காதருகே குனிந்து, "எழுதட்டுமா?" என்றார்.

"எழுதுங்க. அம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

பக்கத்தைப் புத்தகத்தில் மாவுப் பசையால் ஒட்டிவிட்டேன். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது உங்கள் மாத்திரையைப் பைக்குள் ஒளிக்காதீர்கள். மேசையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

லினேயோ