விரலால் போகாத நட்டு

கிண்ணியா,
புதன்கிழமை.

அன்புள்ள முனீப் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. மற்றதெல்லாம் நலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போனில் கதைத்தால் வாப்பாவுக்குக் கேட்கும். அதனால் உங்கள் கூட்டாளி பஸ்லானிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் நாளை தோஹாவுக்குப் பறக்கிறார். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே, இருந்து வாசியுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நம்முடைய பழைய சன்னிக் காரின் சில்லு நட்டுகள் மூலை தேய்ந்து ஸ்பேனர் வழுக்குகிறது என்று வாப்பா சொன்னதும், நீங்கள் பதினாறு புது நட்டு அனுப்பினீர்கள். கண்ணாடி மாதிரி மினுங்கின. உம்மா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அயல் முழுக்கக் காட்டினார். பழைய நட்டை விரலால் சுற்றினாலே போல்ட்டின் அடிவரை போகும். புதியது இரண்டு சுற்றோடு நின்றது. உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். மெக்கானிக் மேடம், புதுசு அப்பிடித்தான் இறுக்கமா இரிக்கும், நீ போய்ப் பாடத்தைப் படி என்று சிரித்துப் பதில் போட்டீர்கள். வாப்பா ஸ்பேனரில் ஒரு தண்ணீர்க் குழாயை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று இறுக்கினார். கட்டார்ல சில்லுக் கடையில நிக்கிறவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா புள்ள என்று என்னைக் கேட்டார்.

அதைப் பூட்டிய ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, சீனன்குடா தாண்டியதும், இடப்பக்க முன்சில்லு கழன்று எங்களை முந்திக்கொண்டு ஓடியது. ஒரு கணம் அது யாருடைய சில்லு என்று வேடிக்கை பார்த்தேன். பிறகுதான் கார் சரிந்து பற்றைக்காட்டுக்குள் இறங்கியது. நாங்கள் ஐந்து பேர். என்னோடு படிக்கும் றுமானாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இந்தத் தவணைப் பரீட்சை எழுத அவளுக்கு ஏலாது.

காரை இழுத்துப்போன கராஜில் இராசையா என்பவர், சீப்புப் போன்ற பல்லுள்ள சின்னத் தகட்டை எங்கள் போல்ட்டில் வைத்துக் காட்டினார். இரண்டும் பன்னிரண்டு மில்லிமீற்றர்தான். ஆனால் எங்கள் போல்ட்டின் புரிக்கும் புரிக்கும் இடைவெளி ஒன்றேகால் மில்லிமீற்றர். நீங்கள் அனுப்பியது ஒன்றரை, டொயோட்டாவுக்கு உரியது. நட்டு விரலால போகோணும் பிள்ளை, ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்குத்தான் என்றார். வாப்பாவுக்கு முகம் கறுத்தது. அன்றைக்கே காரை வேறு கராஜுக்கு மாற்றிவிட்டார்.

றுமானாவின் உம்மா பரீனா மாமி வீட்டுக்கு வந்தபோது, றோட்டில் பெரிய குழி என்று வாப்பா சொன்னார். குழிதானே மகள் என்று என்னையும் கேட்டார். நான் ஓம் என்றேன். மாமி என் தலையைத் தடவிவிட்டுப் போனார். காக்காவின் பெயர் கெட்டுவிடும் என்று பிறகு உம்மா எனக்குச் சொன்னார்.

அறுந்த போல்ட்டுகளையும் புது நட்டுகளையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு இரண்டும் விழுந்தன. எனக்குப் பதில் இல்லை. வாப்பாவுக்கு மட்டும், அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றுமில்லை, றோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று அனுப்பியிருந்தீர்கள்.

காக்கா, நாள் முழுக்க சில்லுப் பூட்டுகிற உங்களுக்கு அந்தப் படம் விளங்காமல் போகுமா?

மற்ற மூன்று சில்லிலும் இன்னும் உங்கள் நட்டுகள்தான். அறுந்த போல்ட்டுகளை மாற்றிய நாலாவது சில்லுக்கும், உங்கள் நட்டு ஒன்றையே கடையில் மாதிரிக்குக் காட்டி, அதே அளவில் வாப்பா வாங்கி வந்திருக்கிறார். குழாயும் முற்றத்தில் தயாராகக் கிடக்கிறது. திங்கட்கிழமை முதல் மறுபடியும் எங்களை ஏற்றப்போகிறார். பாலர் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஏறமாட்டேன் என்றேன். அப்ப படிச்சது காணும், வீட்டில இரி என்றார்.

பழைய நட்டுகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. நான் ஒளித்து வைத்த ஒன்றைத்தான் இத்துடன் கடதாசியில் சுற்றி அனுப்புகிறேன். இதுதான் நீங்கள் கார் பழகிய காலத்து நட்டு. உங்கள் கடையில் ஒன்றேகால் புரிப் போல்ட் ஒன்றை எடுத்து, விரலால் சுற்றிப் பாருங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். வாப்பாவுக்குப் போன் எடுத்து, நட்டு பிழை என்று உங்கள் வாயால் ஒரு தரம் சொல்லுங்கள். நான் சொன்னால் அது பொம்பிளைப் பிள்ளையின் கதை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கார் புறப்படும். நான் வழமைபோல முன்னுக்கு, இடப்பக்கம் இருப்பேன்.

அல்லாஹ் உங்களுக்கு நிம்மதியான நித்திரையைத் தரட்டும்.

வஸ்ஸலாம்,
உங்கள் தங்கச்சி,
ரிஸ்னா.