மீசை வைத்த பாம்பு

யூலை 3, 2025

வாய் திறக்காமல் இருந்தது போதும். ஐந்து வருடம். இந்தக் கொப்பியிலாவது சொல்லிவிடுகிறேன்: அண்ணா செய்தது பிழை.

அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்குக் கடைசி மகன் — கொள்ளி வைக்கிற முறை அது. அப்பாவுக்கு அண்ணா வைத்தார். அம்மாவுக்கு நான்தான் வைத்திருக்க வேண்டும். கொரோனா ஊரடங்கில் பாஸ் எடுத்து, ஸ்கந்தபுரத்திலிருந்து வவுனியா போய்ச் சேர்ந்தபோது சுடலையில் சாம்பல்தான் கிடந்தது. "பொலிஸ் அவசரப்படுத்தினது, தம்பி" என்றார், தானே கொள்ளி வைத்து முடித்திருந்த அண்ணா. அன்றோடு அவரோடு கதையில்லை.

இன்றைக்கு விமலா ஒரு செய்தி சொன்னாள். அண்ணாவின் மகள் சாரங்கா சைக்கிளால் விழுந்து கால் முறிந்து, கட்டுப் போட்டிருக்கிறதாம். பிறந்தநாளும் வருகிறது.

"எட்டு வயசுப் பிள்ளை, கட்டிலில கிடந்து அழுகுதாம். ஏதும் விளையாட்டுச் சாமான் செய்து அனுப்புங்கோவன்."

"கடையில வாங்கி அனுப்பு."

"கடைச் சாமான் எல்லாம் அவையிட்ட இருக்கு. சித்தப்பன்தான் இல்லை."

என் மனைவிக்கு வாய் கூடிவிட்டது.

யூலை 5

பிள்ளைக்குத்தான். அவருக்கில்லை.

பாம்பும் ஏணியும் செய்கிறேன். பிறிஜ் வந்த மட்டைப் பெட்டியை வெட்டி, பழைய கலண்டர் தாளை வெள்ளைப் பக்கம் தெரிய ஒட்டினேன். தாயக்கட்டை செருப்பு றப்பரில். புள்ளிகளுக்கு விமலாவின் கியூடெக்ஸ். கேட்காமல் எடுத்தேன்.

யூலை 6

பசைக்கு எறும்பு வந்து ஒரு மூலையை அரித்துவிட்டது. விடுவமோ?

யூலை 9

விடவில்லை. கட்டங்கள் கீறி நம்பர் போட்டாயிற்று. ஏணிகளை முடித்துவிட்டுப் பாம்புகளைத் தொடங்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வந்து நின்றது. என் கலியாணத்தில் தாலி கட்டி முடிந்த பிறகு அண்ணா வந்தது. கணிதம் படித்தவன் நெல் விதைக்கிறான் என்று ஆட்களுக்கு முன்னால் பகிடி பண்ணியது. பிறகு கொள்ளி. காரணங்கள் நிறைய, கட்டங்கள் போதவில்லை. மேல் வரிசையில் நெருக்கி நெருக்கிக் கீறினேன்.

அழகான பாம்புகள்.

யூலை 13

மத்தியானம் விமலாவோடு ஆடிப் பார்த்தேன். இரண்டு பேரும் 92 வரைக்கும் போனோம். பிறகு விழுந்தோம். ஏறினோம். விழுந்தோம். தேத்தண்ணி ஆறிப்போச்சு.

"இதில ஆரப்பா வெல்லுறது?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். 93 தொடக்கம் 98 வரைக்கும் ஆறு கட்டத்திலும் பாம்பின் வாய். ஒரு தாயக்கட்டையில் ஆறுக்கு மேல் விழாது. அதைத் தாண்ட ஒருவராலும் ஏலாது.

"கணக்குப் படிச்ச மனுசன்!" — வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பாம்பெல்லாம் உங்கட அண்ணாவுக்குத்தான், என்ன? ஆனா கட்டை உருட்டப்போறது அந்தப் பிள்ளை" என்றாள்.

எழும்பி வயலுக்குப் போய்விட்டேன். தண்ணீர் கட்ட வேண்டிய நாள்கூட இல்லை.

யூலை 14

சின்ன வயதில் அண்ணா இதே பாம்பும் ஏணியும் ஒரு பலகையில் கீறினார். பாம்பு கொத்தினால் நான் அழுவேன். அழுகை தாங்காமல் 98-இல் இருந்த பாம்புக்கு ஒரு மீசை வைத்தார். "இது மீசைப் பாம்படா, பெரிய மனுசன். சின்னப் பிள்ளையளைக் கடிக்காது." நான் நின்றால் கடிக்காது. அவர் நின்றால் கடிக்கும். தானே சட்டம் போட்டு, தானே வழுக்கி விழுவார்.

இது ஏன் இப்ப ஞாபகம் வருது? ஐந்து வருசமா எங்க கிடந்தது?

அம்மாவின் உடல் கிடந்த அன்றைக்கு இருட்டும் வரைக்கும் அவர் நான் வருவேன் என்று றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதாக விமலாவிடம் கௌசலா அண்ணி சொன்னவாவாம். இதை விமலா முந்தியும் சொன்னவள். நான்தான் கேட்கவில்லை.

அதுக்காக அவர் செய்தது சரியாகிவிடாது. சொல்லிவிட்டேன்.

யூலை 16

மேல் வரிசையில் புதுத் தாள் ஒட்டினேன். ஒட்டு அப்பட்டமாகத் தெரிகிறது, தெரியட்டும். ஆறு பாம்பில் ஐந்து போய்விட்டது. 98-இல் மட்டும் ஒன்று. அதற்குக் கறுப்புப் பேனையால் மீசை வைத்தேன், நுனி இரண்டும் மேலே முறுக்கி.

"சித்தப்பா எண்டு எழுதுங்கோவன்" என்றாள் விமலா.

எழுதவில்லை. மீசை ஏன் என்று பிள்ளை கட்டாயம் தகப்பனிடம் கேட்கும். அவர் சொல்லட்டும்.

பொட்டலம் கட்டியாயிற்று. விலாசத்தை விமலா எழுதினாள். நாளைக்குப் பெயரில்லாமலே தபாலில் போடுகிறேன்.