விட்டுப்போன ஒன்பது அதிகாரங்கள்

கர்த்தருக்குள் இளைப்பாறுகிற என் ராகேல் அக்காவுக்கு, ஒரே அடுப்பில் உன்னோடு பதினாறு வருஷம் சமைத்தவள் எழுதிக்கொள்வது.

நாளைக்கு இரண்டாயிரம் பிறக்கிறது. மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினால் உலகம் முடியப்போகிறது என்ற பேச்சுதான். நீ இருந்தால், முடியட்டும், முதலில் இந்தப் பாத்திரத்தைக் கழுவு என்றிருப்பாய். உன் மகன் தாமசுக்குக் கல்பாக்கத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நீ போனபிறகு மாமா தானே டீ போட்டுக் குடிக்கிறார். சர்க்கரை அளவுதான் இன்னும் பிடிபடவில்லை.

வருஷக் கடைசி மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு ஆவிக்குரிய தீர்மானங்கள் எழுதுவேனே, ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் ஏழு எழுதினேன். அதிகாலை ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், பிள்ளைகளைத் திட்டாமல் இருப்பது என்று. இந்த வருஷம் ஒன்றே ஒன்று. அது நாளைக் காலை ஆராதனையிலேயே முடிந்துவிடும். முடிக்காமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்.

என்னவென்று உனக்குத் தெரியும். சபையார் அறியும்படிக்குத்தான் மறுபடி எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் நாம் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் வேதாகமத்தை முடிப்பதென்று தீர்மானித்தோம். நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. உனக்கு எழுத்துத் தெரியாது. நீ ஓட்டல் வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டும்போது நான் உரக்கப் படிப்பேன். படித்ததற்கு நோட்டில் டிக் போடுவேன். நீ உன் பங்குக்கு, காதால் கேட்ட அதிகாரம் ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டையை ஊறுகாய் ஜாடியில் போடுவாய். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. என் நோட்டுக்கு முன்னால் உன் கொட்டை எம்மாத்திரம் என்ற நினைப்பு.

ஏப்ரலில் அந்த இடம் வந்தது. ஒன்பது அதிகாரம், யார் யாருக்குப் பிள்ளை என்று வெறும் பெயர்கள். பிள்ளைகளின் புத்தகத்தைப் பார்த்து நானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். அந்தப் பெயர்களுக்கு நாக்கு புரளவில்லை. உன் முன்னால் திக்க வெட்கமாக இருந்தது. ஒன்பதையும் புரட்டிவிட்டுப் பத்தாவதிலிருந்து படித்தேன். நோட்டில் மட்டும் ஒன்பதுக்கும் டிக் போட்டுக்கொண்டேன்.

டிசம்பரில் போதகர் ஐயா, வாசித்து முடித்தவர்களும் சரி, முழுவதையும் கேட்டு முடித்தவர்களும் சரி, புத்தாண்டு ஆராதனையில் எழுந்து நின்று பரிசு வாங்கலாம் என்று அறிவித்தார். மொத்தம் ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது அதிகாரம் என்றும் சொன்னார். புத்தாண்டுக் காலையில் நீ ஜாடியைத் தரையில் கொட்டிப் பத்துப் பத்தாகக் கூட்டிவைத்து எண்ணினாய். மறுபடி எண்ணினாய்.

"ஒம்போது கொறையுது சாராளு. நாந்தான் எங்கியோ போட மறந்துட்டேன் போலக்கீது."

அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "இருக்கும்க்கா, ஒனக்கு வேல கொஞ்சமா?"

உன் கணக்கில் குறைந்தால் குறைந்ததுதான். எல்லாரும் திரும்பிப் பார்க்க நீ பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாய். நான் எழுந்து போய் டிபன் டப்பா வாங்கி வந்தேன். பின்வரிசையில் யாரோ, பாதியில் தூங்கியிருப்பாள் என்று சொல்லிச் சிரித்தது உனக்கும் கேட்டிருக்கும்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் நீ படுத்தபின்தான் என் தைரியம் வந்தது. அந்த ஒன்பதையும் இரண்டு நாளில், திக்கித் திக்கி, உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்துக் கட்டில்காரம்மா, "இன்னாம்மா, ஓட்டர் லிஸ்ட்டா படிச்சிகினு கீற?" என்றாள். உனக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. ஒன்பதாவது முடிந்ததும் என்னையே பார்த்தாய்.

"இத்த நான் கேட்டதே இல்லியே. அப்ப என் கொட்ட சரியாத்தான் இருந்துச்சா?"

உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ கோபப்படவில்லை. இவ்வளவுதான் கேட்டாய்.

"எங்கிட்ட சொல்ட்ட, சரி. அன்னிக்கி நான் குந்திகினு இருந்தத பாத்தவங்களுக்கு யாரு சொல்றது?"

பதில் சொல்லுமுன் நர்ஸம்மா வந்துவிட்டார். பிறகு பேச உனக்கு மூச்சு இல்லை. அந்தக் கேள்விக்கு உன் அடக்க ஆராதனையிலாவது பதில் சொல்லியிருக்க வேண்டாமா நான்? அன்றைக்கும் எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சபையில் பெண்கள் ஐக்கியத்தின் பணக் கணக்கை எழுதுகிறவள் நான், ஒரு டிக் பொய் என்றால் மற்ற பக்கங்களையும் சந்தேகப்படுவார்கள், எதற்கு இந்தப் பேஜாரு என்றார். சந்தேகப்படட்டும். ஐக்கியத்தின் நோட்டையும் எடுத்துக்கொண்டே போகிறேன், வரி வரியாகப் பார்த்துக்கொள்ளட்டும். வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்றால் கொடுத்துவிட்டு வருகிறேன். பயம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு அதிகாலை ஜெபம் என்று நோட்டில் எழுத என் கை வரமாட்டேன் என்கிறது.

அக்கா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில் முதல் ஆளாக எழுந்து இந்தக் கடிதத்தை வாசிப்பேன். ராகேல் ஒரு அதிகாரத்திலும் தூங்கவில்லை, கேட்டதைத்தான் எண்ணினாள், கடைசி ஒன்பதையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டு முடித்துவிட்டுத்தான் போனாள் என்று, பின்வரிசைக்கும் கேட்கும்படி சொல்லுவேன். நடுவில் குரல் உடைந்தாலும் நிறுத்தமாட்டேன். எந்த இடத்தையும் விட்டுவிட்டுப் படிக்கமாட்டேன்.

உனக்கு அடுத்து இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த தங்கச்சி,
சாராள்