ஏழு வரியில் ஐந்து என்னுடையது

ஜூலை 6, ஞாயிறு
கடுகு வீட்டில் படம் பார்த்தோம். (கடுகு என்று பேர் வைத்ததே நான்தான். ஆள் சிறுசு, காரம் பெருசு.) உண்மைக் கதையாம். எங்கள் வயசுப் பெண்கள் இரண்டு பேர், ஒட்டிப் பிறந்த மாதிரி. பிரிக்கப் பார்த்த அம்மாவை இரண்டு பேரும் சேர்ந்து கொன்றுவிடுகிறார்கள். முடிவில் நிஜப் போட்டோ காட்டினார்கள். அந்த அம்மா ஏதோ கல்யாணத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "ஜெயில்லயும் ஒரே பெஞ்சு கேப்பாளுங்க போல" என்றேன். கடுகு சிரிக்கவில்லை. போலீஸ் வண்டிக்குள் அவர்கள் கைகோத்து உட்காரும் இடத்தை மூன்று தடவை திருப்பிப் போட்டாள்.

ஜூலை 9, புதன்
ஆன்ட்டி குண்டு போட்டுவிட்டார். ஆன்ட்டி என்றால் கடுகோட அம்மா. பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை, பேசும்போதும் நம் பல்லைத்தான் பார்ப்பார். கடுகுக்கு மார்க் குறைந்ததற்கு நான்தான் காரணமாம். "இனிமே ரெண்டு பேருக்கும் தனித்தனி டியூஷன்." இது டியூஷன் இல்லை, டைவர்ஸ்.
கடுகு மூஞ்சி தொங்கிப்போச்சு. சிரிக்க வைக்கலாமே என்று அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "அம்மா ஒழிப்புத் திட்டம்" எழுதினேன். கண்ணாடியை ஒளி, சார்ஜரை ஒளி என்று ஐந்து வரி. ஐந்தாவது: "அம்மா காலி, நாம ஜாலி." அவள் கையெழுத்திலேயே எழுதினேன். ஏழாம் வகுப்பிலிருந்து யாருக்கு இம்போசிஷன் வந்தாலும் பாதி அவள், பாதி நான். ஒருத்தி கையெழுத்து இன்னொருத்திக்கு அத்துப்படி. எந்த டீச்சரும் கண்டுபிடித்ததில்லை.

ஜூலை 14, திங்கள்
ஆன்ட்டி நோட்டைப் பார்த்துட்டாங்க.
கடுகு ஸ்கூலுக்கு வரல. வகுப்பு டீச்சர் என்னைத் தனியா கூப்பிட்டு, "அவ இப்படி எழுதினது உனக்குத் தெரியுமா?"ன்னாங்க. அவ எழுதினதுன்னே முடிவு பண்ணிட்டாங்க. அங்கயே சொல்லியிருக்கலாம். "தெரியாது மிஸ்." அவ்வளவுதான் வந்துச்சு. எதுக்கெடுத்தாலும் முந்துற வாய் — இன்னைக்கு எங்க போச்சு?

ஜூலை 15
இன்னைக்கும் சொல்லல.

ஜூலை 17, வியாழன்
கடுகை அவ அத்தை ஊருக்கு அனுப்பறாங்களாம். ஹாஸ்டல். ஞாயித்துக்கிழமை கிளம்பணும். எவ்வளவு கேட்டும் என்னைக் காட்டிக் குடுக்கலயாம்.
சாப்பிடும்போது அண்ணன், "என்னடி, வாய்க்கு லீவா?"ன்னான். தட்டோட எழுந்துட்டேன்.

ஜூலை 19, சனி
போனேன். கடுகு அறைக்குள்ளே, கதவு சாத்தியிருந்தது. "ஒரு பேப்பர் குடுங்க ஆன்ட்டி" என்று வாங்கி, அவர் கண்ணெதிரே அந்த ஐந்து வரியையும் கடுகு கையெழுத்தில் எழுதிக் காட்டினேன். ஆன்ட்டி நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.
நோட்டில் ஏழு வரி இருந்தது.
ஆறு: மாடிப்படி பல்பைக் கழட்டணும்.
ஏழு: அப்புறம் நான் நல்லா அழணும்.
நான் எழுதல. சத்தியமா அந்த ரெண்டும் நான் எழுதல.
"ஏழும் நீதானா?"
"ஆமா ஆன்ட்டி."
பளார்னு ஒண்ணு விட்டாங்க. அடுத்த நிமிஷமே என் தலையை வயித்தோட சேர்த்துக் கட்டிக்கிட்டு, "அப்போ என் பொண்ணு இல்ல... என் பொண்ணு இல்ல"ன்னு அழுதாங்க. அடி வலிக்கல. அதுதான் வலிச்சுது.

ஜூலை 22, செவ்வாய்
பயணம் ரத்து. கடுகு பள்ளிக்கு வந்துவிட்டாள். எனக்கு ஒரு வாரம் நூலகத்தில் தூசி தட்டும் தண்டனை. அப்பா பேசுவதில்லை.
மதியம் அலமாரிக்குப் பின்னால் வந்து கையைப் பிடித்தாள்.
"ஏன்டி அந்த ரெண்டு வரியை எழுதின?" என்றேன்.
"நீ எழுதினது ஜோக்கு. எனக்கு ஜோக்கு வேணாம்."
"விளையாட்டுக்குத்தானேடி?"
"எனக்காகப் பொய் சொன்னல்ல? போதும். இனிமே நம்மள யாராலயும் பிரிக்க முடியாது." சிரித்தாள். அந்தப் படத்துக்கு அப்புறம் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பிடித்த கையை விடவே இல்லை.

ஜூலை 23
சொன்னா துரோகி. சொல்லாட்டி? ஆன்ட்டி தினம் ரெண்டு தடவை அந்தப் படியிலதானே ஏறி இறங்கறாங்க?

ஜூலை 25, வெள்ளி
பல் ஆஸ்பத்திரிக்கே போய் வரிசையில் நின்றேன். ஆன்ட்டி தலை நிமிராமல், "எந்தப் பல்லும்மா?" என்றார்.
"கடைசி ரெண்டு வரி நான் எழுதல ஆன்ட்டி."
ரெஜிஸ்டரை மூடி வைத்தார். "தெரியும். அந்த ரெண்டுக்கும் பேனா வேற. நீ ஆமான்னதும்... நம்பிக்கணும் போல இருந்துச்சு." எனக்குப் பின்னால் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி, "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்
கடுகு இப்போது முதல் பெஞ்சு, என்னோடு பேச்சே இல்லை. வாரம் ஒரு தடவை அம்மாவும் மகளும் மனநல டாக்டரிடம் போகிறார்கள்.
இன்று ஆன்ட்டி போன் செய்தார். "நேத்து ஒரு மணி நேரம் என்னைத் திட்டினாம்மா. வீடே அதிர்ற மாதிரி. அப்புறம் பசிக்குதுன்னு வந்து தட்டு நிறைய சாப்பிட்டா." பரிசு வாங்கினவர் மாதிரி இருந்தது குரல்.
"என்னைப் பத்தி ஏதாவது...?"
"ஒண்ணும் கேக்கலம்மா."
"சரி ஆன்ட்டி" என்றேன். அவர் உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.